உயிர்ச்சத்து உ

ஒரு சினைப்பசுவுக்கு நான் தமிழால் விஷம் வைத்திருக்கிறேன்.

வேண்டுமென்றே அல்ல. அந்தச் சமாதானம் நீதிமன்றத்தில் செல்லுபடியாகுமோ என்னவோ, மாட்டுக் கொட்டகையில் ஆகவில்லை. நான் செய்ததெல்லாம் இரண்டு டின்களின் மேல் ஒவ்வோர் எழுத்து எழுதியதுதான். இரண்டும் உயிரெழுத்துகள். மெய்ப்புத் திருத்துவதைப் பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்: எழுத்தில் பிழை இல்லை. எழுதியவனில்தான் இருந்தது.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அச்சகத்தில் எனக்கு வேலை. திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேக மலர், கருமாதிப் பத்திரிகை என்று மனித வாழ்வின் முக்கியமான கட்டங்களிலெல்லாம் ஒற்று மிகாமல் பார்த்துக்கொள்பவன் நான். ‘வாழ்த்துக்கள்’ என்பதில் க் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மாப்பிள்ளையோடு அரைமணி நேரம் வாதாடி, அவருடைய கல்யாணத்துக்கே அழைப்பு கிடைக்காமல் போனவன். இப்படிப்பட்ட ஆளை மாட்டுப் பக்கமே விட்டிருக்கக் கூடாது.

மாடு என் அக்காவுடையது. அக்கா கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில் இருக்கிறாள். பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றதும் அவளோடு வேலை செய்தவர்களில் ஒருத்தி காசிக்குப் போனாள், ஒருத்தி நடைப்பயிற்சி இயந்திரம் வாங்கி அதில் துணி காயப்போட்டாள். அக்கா மாடு வாங்கினாள். அதற்கு முன் அவள் மாட்டைத் தொட்டதுகூட இல்லை. “அங்க வேலை செஞ்சப்ப பூரா நாளும் சின்னச் சின்ன சாமானையே பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன்டா. இனிமே பெருசா, கண்ணால பார்க்கறாப்ல ஒண்ணு வேணும்” என்றாள். கருத்த முதுகும் வெள்ளை வயிறுமாய், உண்மையிலேயே பூதக்கண்ணாடி தேவைப்படாத ஒரு கலப்பினப் பசு வந்து சேர்ந்தது. அதை அவள் ‘மேடம்’ என்று கூப்பிடுவாள். தொழிற்சாலையில் அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் தகரக்கூரை போட்டுக் கொட்டகை. இரண்டு கோயில்களின் அபிஷேகத்துக்கும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் பால் போகும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, முந்தின ஈற்று வரைக்கும்.

அந்த ஈற்றில் கன்று துவண்டு பிறந்தது. எழுந்து நிற்க முயன்று முயன்று, மறுநாள் போய்விட்டது. மாட்டுக்கு இளங்கொடியும் விழவில்லை. கன்றோடு வரும் அந்தப் பை உள்ளேயே தங்கிப் புண்ணாகி, காய்ச்சல் வந்து, மேடம் எலும்பாகிப் போனது. அக்கா அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாமல் போனது மாடு கன்றைத் தேடிக் கத்திய கத்தல். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமையல் செய்தாளாம். மேடம் மறுபடி சினையானபோது அக்கா என்னிடம் ஒன்றைத்தான் சொன்னாள்.

“இந்தத் தடவையும் கன்னு போச்சுன்னா நான் மாட்டை விட்டுடப் போறேன் தம்பி. இன்னொரு வாட்டி அந்தச் சத்தத்தைக் கேக்க என்னால முடியாது.”

விட்டுவிடுவது என்றால் எங்கே என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கன்றைத் தங்க வைக்காத மாட்டை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

அதனால்தான் இந்த முறை மாட்டு டாக்டரை முன்கூட்டியே வரவழைத்தாள். வந்தவர் இளம்பெண். நிபோங் தெபால் பக்கத்துப் பிள்ளை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி, பிக்கப் வண்டி. மேடத்தின் கழுத்தில் ஊசி போட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வந்ததும் மறுபடி வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தேன், துரதிர்ஷ்டவசமாக.

“ஆன்ட்டி, வைட்டமின் ஏ பரவால்ல. ஈதான் ரொம்ப லோவா இருக்கு” என்றார் டாக்டர்.

“தீனி நல்லாத்தானேமா போடறேன்? செம்பனைப் புண்ணாக்கு, தவுஃபூ செஞ்ச சோயாச் சக்கை, எல்லாம் வயிறு நிறையத்தான் திங்கறாங்க.”

“வயிறு நிறையும் ஆன்ட்டி. ஆனா இந்த ரெண்டு சத்தும் பச்சைப் புல்லுலதான் இருக்கு. இப்ப வெயில்ல புல்லெல்லாம் கருகிக் கெடக்கு பாருங்க. போன தடவையும் இதே சீசன்லதானே கன்னு போட்டுச்சு?”

அக்கா தலையாட்டினாள். டாக்டர் மாட்டின் விலாவில் கையை வைத்தபடியே பேசினார்.

“இன்னொண்ணும் இருக்கு. கன்னு போடற நேரம் நெருங்க நெருங்க, ரத்தத்துல இருக்கற வைட்டமின் தானாவே இறங்கும். எங்க போகுதுன்னு நெனைக்கிறீங்க? மடிக்குப் போகுது. சீம்பால்ல சேருது. கன்னு வயித்துல இருக்கறப்ப அதுக்கு இந்தச் சத்து ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும். கிட்டத்தட்ட வெறுங்கையோடதான் பொறக்கும். முதல் பாலைக் குடிச்சாத்தான் உண்டு. அதுக்காகத் தாய் தன் உடம்புல இருக்கறதை எடுத்து அங்க ஊத்தி வச்சிடும். அந்த நேரம் பார்த்து அதுக்குப் பசியும் குறையும். அதான் சீக்கு, காய்ச்சல், இளங்கொடி விழாம நிக்கறது எல்லாம்.”

அக்கா மாட்டின் கழுத்தைத் தடவினாள். பிறகு, “இதெல்லாம் வெளிய சொல்லவே மாட்டாங்க பாரு” என்றாள், மாட்டைப் பற்றித்தான்.

டாக்டர் வண்டியிலிருந்து இரண்டு டின்களை எடுத்து வந்தார். ஒரே அளவு, ஒரே வெள்ளை நிறம், ஒரே அச்சு. பொடி எழுத்தில் ஆங்கிலம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஓர் எழுத்துதான். ஒன்று வைட்டமின் ஈ. தினமும் காலையில் ஒரு கரண்டி புண்ணாக்கில் கலந்து கொடுக்க வேண்டும். மற்றது டி, கன்று போட்டவுடன் உடம்பில் கால்சியம் இறங்கி மாடு விழுந்துவிடாமல் இருக்க, ஈற்றுக்குச் சில நாள் முன்பு மட்டும் கொடுப்பது.

“டி-யைத் தொறக்காதீங்க. மடி இறங்கினதும் எனக்குப் போன் பண்ணுங்க, நான் சொல்றப்ப கொடுக்கலாம். முன்னாடியே கொடுத்தா விஷமாயிடும்” என்றவர், பையில் மார்க்கர் பேனாவைத் தேடினார். “இருங்க, டின் மேல பெருசா எழுதிடறேன், மாறிடப் போகுது.”

அப்போது நான் சொன்னேன்: “நீங்க விடுங்க டாக்டர். எழுத்து என் தொழில்.”

இந்த இடத்தில் யாராவது என் கையைப் பிடித்திருக்கலாம். அக்கா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தாள்.

டாக்டர் போனதும் நான் டின்களோடு அடுக்களை மேசையில் உட்கார்ந்தேன். வெறுமனே ‘ஈ’ என்றும் ‘டி’ என்றும் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் நான் படித்தவன். வைட்டமினுக்கு உயிர்ச்சத்து என்று அழகான தமிழ் இருக்கிறது. உயிர்ச்சத்துக்கு உயிரெழுத்தைத் தவிர வேறு எது பொருந்தும்? ஏ, பி, சி, டி, ஈ என்ற ஐந்துக்கும் வரிசைப்படி அ, ஆ, இ, ஈ, உ. அந்தக் கணக்கில் டி என்பது ஈ. ஈ என்பது உ. இந்த நயம் தோன்றியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வெள்ளைத்தாள் வெட்டி, ஒரு டின்னில் ‘ஈ’ என்றும் மற்றதில் ‘உ’ என்றும் பெரிதாக எழுதினேன். ‘உ’ மொட்டையாக நிற்பதுபோல் தோன்றியது. அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். கொட்டகையின் ஈரத்தில் தாள் உரியாமல் இருக்க, டின்னைச் சுற்றி டேப்பை இறுக்கமாக ஒட்டினேன். அடியில் இருந்த ஆங்கிலம் முழுவதும் மறைந்தது. அக்கா வாசல் கழுவிக்கொண்டிருந்தாள். “எழுதிட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டு ஃபெர்ரிக்குப் போய்விட்டேன். விளக்கம் சொல்லவில்லை. நல்ல எழுத்துக்கு உரை தேவையில்லை என்பது என் கொள்கை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு போனேன். கொட்டகையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது சாமித் தட்டு. தூணில் ஆணியடித்து வைத்த சின்னப் பலகை அது; மேலே ஒரு பிள்ளையார் படம். படத்தின் முன்னால், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, தலையில் ஒரு செம்பருத்தியோடு, என்னுடைய ‘உ’ டின் உட்கார்ந்திருந்தது.

“அக்கா, இதை ஏன் இங்க வச்சிருக்க?”

“எதை?” அவள் சாணியை வழித்துக்கொண்டிருந்தாள். “அதுவா. நீதானே பிள்ளையார் சுழி போட்டிருந்த?”

என் காலுக்குக் கீழே தரை சற்றே நகர்ந்தது. சாணியாகவும் இருக்கலாம்.

“அது பிள்ளையார் சுழி இல்லக்கா.”

“கீழ ரெண்டு கோடு போட்டிருக்கியேடா. கன்னு போடறப்ப தொறக்க வேண்டிய டின், நல்ல காரியம், சாமி பேரைச் சொல்லித் தொறக்கட்டும்னுதான் போட்டிருக்கேன்னு நெனச்சேன். பரவால்லயே, தம்பிக்குக்கூட பக்தி வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன்லா.”

“அப்ப தினம் எதைக் கொடுத்த?”

“டாக்டரு என்ன சொன்னாங்க? டெய்லி வைட்டமின் ஈ. டின்ல என்ன போட்டிருக்கு? ஈ. அதைத்தான் கொடுத்தேன்.” அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “ஏன்டா?”

நான் சொன்னேன். அ, ஆ, இ, ஈ, உ என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். இதைவிட மோசமான ஒரு வகுப்பை எந்த ஆசிரியரும் எடுத்திருக்க மாட்டார். மாணவி திட்டவில்லை. வழிப்பானைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு மாட்டிடம் போனாள். அதன் தாடைக்கடியில் கையைக் கொடுத்து நின்றாள். மேடம் அவளுடைய சட்டைக் கையை நக்கியது.

“போன் பண்ணு” என்றாள், திரும்பாமலே.

பண்ணினேன். எத்தனை கரண்டி, எந்தக் கரண்டி, என்றிலிருந்து என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். “அந்த டின்னை எடுத்துத் தூர வைங்க. வரேன்” என்றார்.

வந்ததும் முதலில் மாட்டைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். வைட்டமின் ஈ ஊசியைத் தொடையில் போட்டார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். கையில் அந்த டின் இருந்தது. டேப்பை நகத்தால் சுரண்டினார். நான் நன்றாக ஒட்டியிருந்தேன்.

“எதுக்கு அங்கிள் இதை மூடினீங்க? அடியில தெளிவா இருந்துச்சே.”

“தமிழ்ல இருந்தா அக்காவுக்குச் சுலபமா இருக்கும்னு...”

“ஆன்ட்டி இங்கிலீஷ் படிப்பாங்களே?”

“படிப்பாங்க.”

“அப்ப?”

நான் டேப்பின் மறுமுனையைச் சுரண்டிக் கொடுத்தேன்.

“கால்சியம் எக்கச்சக்கமா ஏறினா இருதயத்துல, கிட்னியில போய்ப் படியும்” என்று அக்காவிடம் சொன்னார். “கொடுத்த அளவு பயங்கரம்னு சொல்ல முடியாது. ஆனா சினை மாடு. தண்ணி ரொம்பக் குடிக்குதா, தீனி எடுக்காம நிக்குதான்னு பார்த்துக்கிட்டே இருங்க. நான் நடுநடுவுல வந்து ஈ ஊசி போடறேன். பச்சைப் புல் எங்க கிடைச்சாலும் கொண்டாந்து போடுங்க.”

“கன்னு?” என்றாள் அக்கா.

“பார்ப்போம் ஆன்ட்டி.”

அந்த வாரம் நான் அச்சகத்துக்கு விடுப்பு போட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பத்தில் பிரசவம்’ என்று எழுதினேன். முதலாளி வாழ்த்து அனுப்பினார், க் போட்டு. நான் திருத்தவில்லை.

காலையில் முதல் வேலையாக ஃபெர்ரி. ஜார்ஜ் டவுனில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கமிருந்து வருவார்கள். என்னோடு அந்த நேரத்தில் கடல் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. அதிலும் பையில் அரிவாள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். புல்வெட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருந்தேன். முதல் நாள் ரயில் பாதையோரத்தில், பச்சைப்பசேல் என்று இடுப்பளவு வளர்ந்து நின்ற புல்லைக் கண்டுபிடித்து, கை கீறி, முதுகு பிடித்து, ஒரு கட்டு வெட்டிச் சுமந்து வந்தேன். எனக்குள் ஓர் உழவன் இவ்வளவு காலம் உறங்கிக்கொண்டிருந்தான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

“இது லாலாங்டா.”

“புல்தானே?”

“பேரு புல்லுதான். மேடம் இதை மோந்துகூடப் பார்க்க மாட்டாங்க. எங்க, போட்டுப் பாரு.”

போட்டேன். மேடம் மோந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எங்கள் முதலாளி முதல் மெய்ப்பைப் பார்ப்பதுபோல இருந்தது.

அதன் பிறகு அக்கா காட்டிய இடத்தில், கால்வாய் ஓரத்தில் வெயிலுக்குத் தப்பிய மெல்லிய புல்லை வெட்டினேன். நடுவில் வாளிக்கு மேல் குனிந்து, மாடு எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயை வைத்தால் பயம், வைக்காவிட்டால் வேறு பயம். அக்காவும் நானும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, கடையில் தாப்பாவ் பண்ணி, பொட்டலமாய் வாங்கிவந்த ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்றுகொண்டு, ஒரு மாடு அசைபோடுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசைபோடும் வரைக்கும் நாங்களும் தின்றோம். அது நிறுத்தினால் எங்கள் கையும் நின்றது.

இவ்வளவு நேரம் அக்காவோடு சேர்ந்தாற்போல் நான் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருக்கும். தீபாவளிக்கு வருவேன், பலகாரம் வாங்கிக்கொண்டு போவேன். அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம் என்பதே எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. தொழிற்சாலை இயந்திரங்களின் பக்கமாக நின்ற காதாம். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இரண்டு நாள் மன்னிப்பு கேட்டிருக்கிறேன், ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

“என்கிட்ட எதுக்குடா கேக்கற? மேடம்கிட்ட கேளு.”

மாட்டின் முன்னால் போய் நின்றேன். “நிகழ்ந்த தவற்றுக்குப் பெரிதும் வருந்துகிறேன்” என்று வாயில் வந்தது; தொழில் பழக்கம், அச்சுப்பிழைக்கு நாங்கள் போடும் அதே வாசகம்.

அக்கா அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அலாமக், அவங்களுக்குப் பேச்சுத்தமிழ்தான்டா புரியும். ‘தப்புப் பண்ணிட்டேன் தாயி’ன்னு சொல்லு.”

சொன்னேன். மேடம் காதை ஒருமுறை ஆட்டியது. ஈ ஓட்டியதாகவும் கொள்ளலாம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கால்சியம் ஏறித்தான் இருந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. தீனி குறையவில்லை. டாக்டர் வந்து வந்து ஊசி போட்டார். என்றாலும் கன்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; அக்கா கேட்பதையும் நிறுத்திவிட்டாள். மடி இறங்கியது. இடுப்பெலும்பின் இருபுறமும் சதை குழிந்தது. அக்கா தவுஃபூ சக்கை வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுத்தமான வைக்கோலைப் பரப்பினாள். அவள் முகம் ஷிஃப்ட் தொடங்கும் முகமாக மாறியது.

முற்பகலில் தொடங்கியது. மாடு படுத்தது, எழுந்தது, வாலைத் தூக்கி நின்றது, மறுபடி படுத்தது. டாக்டர் சுங்கை பாக்காப் பக்கம் எங்கோ வேறு மாட்டிடம் இருந்தார். வந்துகொண்டே இருக்கிறேன் என்றார். பனிக்குடம் தெரிந்து உடைந்தது. இரண்டு வெளுத்த குளம்புகள் வந்தன, அவற்றின் மேல் ஒரு மூக்கு. அந்த மூக்கு அசையவில்லை.

“அக்கா, அசையலயே.”

“வாய மூடு.”

மூடினேன். அக்கா மண்டியிட்டு அந்தக் கால்களைப் பிடித்தாள். மாடு முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுத்தாள். அது நிறுத்தும்போது நிறுத்தினாள். “வாங்க மேடம். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், அவ்வளவுதான்.” அவள் கத்தவில்லை. பக்கத்தில் தூங்குகிற யாரையோ எழுப்பிவிடாமல் பேசுவதுபோல் பேசினாள். தலை வந்தது, தோள் வந்தது, பிறகு எல்லாம் ஒரே வழுக்கலாய் வைக்கோலில் வந்து விழுந்தது.

அக்கா அதன் மூக்கையும் வாயையும் துணியால் வழித்தாள். ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குத் துளைக்குள் விட்டாள். ஒன்றும் இல்லை. மறுபடி விட்டாள். எனக்கு எதிரே கூரைத் தகரத்தில் ஓர் ஆணித்துளை தெரிந்தது. அதன் வழியே வந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கீழே பார்க்க முடியாமல்.

தும்மல் கேட்டது.

சின்னத் தும்மல். தலையை உதறி, காதுகள் இரண்டும் ஈரமாய்ப் பட்டென்று அடித்துக்கொண்டன. மேடம் முழங்காலில் எழுந்து, திரும்பி, அதை நக்கத் தொடங்கியது. நக்கிக்கொண்டே ஒரு குரல் கொடுத்தது. தொண்டைக்குள்ளேயே புரளும், கன்றுக்கு மட்டும் கேட்க வேண்டிய குரல். போன ஈற்றில் அக்கா பஞ்சு வைத்து அடைத்துக்கொண்ட காதுகளில் நல்ல காதை அவள் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

“காளைக்கன்னுடா” என்றாள்.

“பால் தராதே.”

“மூச்சு விடுதுல்ல. போதும்.”

அது நான்கு கால்களையும் நான்கு திசையில் வைத்து எழுந்தது. விழுந்தது. அக்கா உதவிக்குப் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கட்டிய கைகளுக்குள் விரல்களை இறுக்கிக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ நின்றுவிட்டது. தாயின் முன்னங்காலில் பால் தேடியது, பிறகு சரியான இடத்துக்கு வந்தது. அக்கா காம்பைப் பீய்ச்சி வழி காட்டினாள். என் உள்ளங்கையிலும் கொஞ்சம் பீய்ச்சினாள்.

சீம்பால் கெட்டியாக, பலாச்சுளை நிறத்தில் இருந்தது. அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். புல் கருகிய மாதங்களில், தன்னிடமே போதாமல் இருந்தபோது, யாருக்கும் தெரியாமல் உடம்பிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்த நிறம். நடுவில் நான் புகுந்து குழப்பியும் அது தன் பங்கை ஒதுக்குவதை நிறுத்தவில்லை. கையில் ஏந்திக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நல்லவேளை, தோன்றவில்லை.

டாக்டர் வந்து சேர்ந்தபோது பிற்பகல். இளங்கொடியும் விழுந்திருந்தது, முழுதாக. அதைப் பார்த்ததும்தான் அவர் தோள் இறங்கியது. ஊசியா, புல்லா, மாட்டின் உடல்வாகா, எது காப்பாற்றியது என்று கேட்டேன். “தெரியாது அங்கிள். எல்லாம்தான். நீங்க இல்ல” என்றார், சிரித்துக்கொண்டே. இளங்கொடியை வைக்கோலில் சுருட்டிப் பால் வடியும் மரத்தில் கட்ட வேண்டும் என்றாள் அக்கா. கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகுமாம். பக்கத்து வீட்டுப் பலாமரத்தில் ஏறி அதைக் கட்டியவன் நான். சட்டையெல்லாம் வழிந்தது. எனக்கு அருவருப்பே வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிளம்பும்போது அக்கா சீம்பாலை வெல்லம் போட்டு அவித்து ஒரு டப்பாவில் கொடுத்தாள். “இனிமே அடிக்கடி வாடா” என்றாள். “பேனா இல்லாம வா.” பிறகு, சின்னப் பிள்ளையில் செய்ததுபோல என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துவிட்டாள்.

ஃபெர்ரியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து, டப்பாவை மேசையில் வைத்து, குளிக்கக்கூடப் போகாமல் என் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். குளம்பு வந்தது, மூக்கு அசையாமல் இருந்தது, தும்மல், அந்தக் குரல், அந்த மஞ்சள். ஓர் உயிர் பூமிக்கு வருவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மனிதனை எப்படி மாற்றிவிடுகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் சீம்பாலை ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, பொறுமையாக மென்று, விழுங்கினாள்.

“நம்ம மக பொறந்தப்ப நீங்க ஆஸ்பத்திரி கேன்டீன்ல மீ கோரெங் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க” என்றாள். “நர்ஸ் ஓடி வந்து கூப்பிட்டதுக்கு, முட்டை இன்னும் வரலன்னு சொன்னீங்க.”